தினத் தேர்வு இல்லாத கல்லூரி! முதல் செமஸ்டரைத் தாண்டுவது எப்படி?

ஜூலை பிறந்துவிட்டால் போதும், மதுரையில் காலை எட்டு மணிப் பேருந்துகளைப் பார்த்தாலே கல்லூரிகள் திறந்துவிட்டன என்று தெரிந்துவிடும். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, அலங்காநல்லூர் என்று எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் பஸ்களில் புது பேக், புது அடையாள அட்டை, கொஞ்சம் பயம், நிறைய சந்தோஷம். கோரிப்பாளையத்திலும் தல்லாகுளத்திலும் தெப்பக்குளத்திலும் கூட்டமாக இறங்கி, எந்த பிளாக், எந்த அறை என்று விசாரித்துக்கொண்டே நடக்கிறார்கள் முதலாமாண்டு மாணவர்கள்.

முதல் சில வாரங்கள் நன்றாகவே போகும். புது நண்பர்கள், புது கேன்டீன், யூனிஃபார்ம் இல்லாத சுதந்திரம். முதல் இன்டர்னல் தேர்வு மதிப்பெண் வந்ததும்தான் வீட்டில் அந்தக் கேள்வி எழும். ``பிளஸ் டூவில் 500-க்கு மேல எடுத்த பிள்ளை. இப்ப என்ன ஆச்சு?''

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. புத்தியும் குறைந்துவிடவில்லை. பள்ளிக்கூடம் தினமும் செய்துகொண்டிருந்த ஒரு வேலையை இப்போது யாருமே செய்வதில்லை, அவ்வளவுதான். அது என்ன வேலை, அதை நாமே எப்படி எடுத்துச் செய்வது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம். மாணவர்கள் மட்டுமல்ல, அப்பா, அம்மா, தாத்தா, பாட்டியும் சேர்ந்து படிக்கலாம். அவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது.

பள்ளியில் நடந்தது என்ன?

பன்னிரண்டாம் வகுப்பை நினைத்துப் பாருங்கள். காலையில் ஸ்பெஷல் கிளாஸ். முதல் பீரியடில் ஸ்லிப் டெஸ்ட். வாரக் கடைசியில் ஒரு தேர்வு. காலாண்டு, அரையாண்டு, அதற்குப் பிறகு முதல் திருப்புதல், இரண்டாம் திருப்புதல். ஒரு கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் பத்து முறை எழுதச் சொல்வார்கள். மதிப்பெண் குறைந்தால் பெற்றோரை வரச் சொல்வார்கள்.

அப்போது இதையெல்லாம் தொல்லை என்றுதான் நினைத்திருப்போம். ஆனால், படித்தது மனதில் நின்றதற்குப் பெரிய காரணம் இந்தத் தொல்லைதான். படித்ததை நாள் தவறாமல் யாரோ ஒருவர் நம்மிடமிருந்து திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

கல்லூரியில் அந்த யாரோ ஒருவர் இல்லை. பேராசிரியர் ஒரு யூனிட்டை நடத்துவார், முடிப்பார், அடுத்த யூனிட்டுக்குப் போய்விடுவார். ஒரு செமஸ்டர் என்பது சுமார் 90 வேலை நாள்கள். அதில் இரண்டு இன்டர்னல் தேர்வுகள், ஓரிரு அசைன்மென்ட், ஒரு செமினார். அதன் பிறகு நேராக செமஸ்டர் தேர்வுதான். ஜூலையில் நடத்திய பாடத்தை நவம்பரில் எழுத வேண்டும். இடையில் அதைத் தொட்டுப் பார்த்தீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

யாரும் கேட்காததால் படிக்க ஒன்றும் இல்லை என்று தோன்றிவிடுகிறது. முதலாமாண்டில் பலர் தடுமாறுவது இங்கேதான்.

முதலில் விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

எந்த விளையாட்டிலும் விதி தெரியாமல் இறங்கக் கூடாது. கல்லூரியில் சேர்ந்ததும் காலண்டர் அல்லது ஹேண்ட்புக் என்று ஒரு சின்னப் புத்தகம் தருவார்கள். பெரும்பாலானோர் அதில் பெயரை எழுதிவிட்டு உள்ளே போட்டுவிடுகிறார்கள். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

அதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, மதிப்பெண் பிரிப்பு. பல்கலைக்கழகத் தேர்வு எழுதும் கல்லூரிகள் பலவற்றில் இன்டர்னலுக்கு 25, செமஸ்டர் தேர்வுக்கு 75 என்று இருக்கும். தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்தக் கணக்கு மாறலாம். இன்டர்னல் மதிப்பெண் என்பது செமஸ்டர் தேர்வுக்கு முன்பே நம் கையில் இருக்கும் சேமிப்பு. அசைன்மென்ட்டை நாள் தள்ளிக் கொடுத்து அதை இழப்பது, கையில் இருக்கும் காசைக் கீழே போடுவதற்குச் சமம்.

இரண்டாவது, வருகைப்பதிவு. பொதுவாக 75 சதவிகிதம் வேண்டும். 90 நாளில் 75 சதவிகிதம் என்றால் 68 நாள். மீதி 22 நாள்தான். கேட்பதற்கு நிறைய மாதிரி இருக்கும். ஆனால், நம் ஊர்க் கணக்கில் அது எப்படிக் கரையும் என்று பாருங்கள். ஊர்த் திருவிழாவுக்கு மூன்று நாள், சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்கு ஒரு நாள், காய்ச்சலுக்கு ஐந்து நாள், பஸ்ஸை விட்டதால் போன அரை நாள்கள் சில, `இன்னிக்கு யாரும் வரலடா' என்று திரும்பிய நாள்கள் சில. 22 முடிந்துவிட்டது. அந்த எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதி, விடுப்பு எடுக்கும்போதெல்லாம் ஒன்றைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

மூன்றாவது, சந்தேகம் கேட்க வேண்டிய ஆள். பல கல்லூரிகளில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பேராசிரியரை ஆலோசகராகவோ, மென்ட்டராகவோ நியமிக்கிறார்கள். அவர் பெயரையும் அவர் அறையையும் முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். பிரச்னை வந்த பிறகு முதன்முறையாகப் போய் நிற்பதைவிட, ஒன்றுமில்லாத நாளில் போய் வணக்கம் சொல்லிவிட்டு வருவது நல்லது.

கதவு திறந்துவிட்டது. உள்ளே?

மதுரைக்குக் கல்லூரி புதிதல்ல. அமெரிக்கன் கல்லூரி தொடங்கியது 1881-ல். மதுரா கல்லூரி 1889-ல் வந்தது. பெண்களுக்காக லேடி டோக் கல்லூரி 1948-லும், பாத்திமா கல்லூரி 1953-லும், ஸ்ரீமீனாட்சி அரசு மகளிர் கலைக் கல்லூரி 1965-லும் தொடங்கின. தியாகராசர் கல்லூரியை 1949-ல் கருமுத்து தியாகராசர் நிறுவினார். 1966-ல் மதுரைக்குத் தனிப் பல்கலைக்கழகமே வந்தது. இன்றைய மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அதுதான். பிறகு கருமாத்தூர், உசிலம்பட்டி, மேலூர் என்று சுற்றுவட்டார ஊர்களுக்கும் கல்லூரிகள் வந்தன.

படிக்க வைப்பதற்கான செலவும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட்டில் வந்தது. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கல்லூரி வாசல் வரைக்கும் வந்து சேர முன்பைவிட வழி இருக்கிறது.

வாசலுக்கு உள்ளே நடப்பதுதான் மீதி. இந்தப் பகுதியில் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளில் பலர், தங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரியில் கால் வைப்பவர்கள். இன்டர்னல் என்றால் என்ன, அலைடு பேப்பர் என்றால் என்ன, அரியர் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. அக்காவோ மாமாவோ கல்லூரிக்குப் போயிருக்கும் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு நேரத்தில் தானாகக் கிடைத்துவிடும் தகவல், இவர்களுக்கு ஒரு செமஸ்டர் கழித்துத்தான் தெரியவருகிறது. அதற்குள் ஒரு அரியர் விழுந்திருக்கும். `காலேஜ் நமக்குச் சரிப்படாது போல' என்ற எண்ணமும் கூடவே வந்திருக்கும். பலர் படிப்பைப் பாதியில் விடுவதற்கு அந்த எண்ணம்தான் தொடக்கம்.

கணித மேதைக்கும் இது நடந்தது

`முதலாமாண்டில் தோற்றால் மூளை இல்லை' என்று நினைப்பவர்கள் கும்பகோணத்தை நினைத்துக்கொள்ளலாம்.

1904-ல் பள்ளிப் படிப்பை முடித்த சீனிவாச ராமானுஜன், உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். அவர் மனம் முழுக்கக் கணிதத்தில்தான் இருந்தது. மற்ற பாடங்களைத் தொடவில்லை. ஆங்கிலக் கட்டுரைத் தாளில் தோல்வி. உதவித்தொகை போயிற்று. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் முயன்றார். அங்கேயும் கணிதத்தைத் தவிர மற்ற பாடங்களில் தேற முடியவில்லை. எஃப்.ஏ. என்ற அந்தத் தேர்வை அவர் கடைசி வரை தேறவில்லை.

இந்தக் கதையை `படிப்பு முக்கியமில்லை' என்பதற்கு உதாரணமாகச் சொல்பவர்கள் உண்டு. அது தவறான பாடம். அடுத்த சில ஆண்டுகள் அவர் வேலை தேடி அலைந்தார், வறுமையில் வாடினார். 1913-ல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதம்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. எல்லோருடைய கடிதத்துக்கும் ஒரு ஹார்டி பதில் போட மாட்டார்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. பிடித்த பாடம் தானாகவே படிக்கப்பட்டுவிடும். பிடிக்காத பாடத்துக்குத்தான் பழக்கம் தேவை. இன்றும் பி.எஸ்சி., பி.காம். மாணவர்கள் பலர் முக்கியப் பாடத்தில் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு, ஆங்கிலத் தாளிலோ அலைடு பேப்பரிலோ அரியர் வைக்கிறார்கள். `அது சும்மா பேப்பர், கடைசியில் பார்த்துக்கலாம்' என்று விட்டதன் விளைவு. வாரத்தில் ஒரு நாளைப் பிடிக்காத பாடத்துக்கு என்றே ஒதுக்கிவிடுங்கள்.

திரும்பப் படிப்பதா, திரும்பக் கேட்பதா?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். எப்படிப் படிப்பது?

நம்மில் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். நோட்டைத் திறந்து வாசிப்பது, முக்கியமான வரியில் கலர் பேனாவால் கோடு போடுவது, மறுபடியும் வாசிப்பது. மூன்றாவது முறை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். பழக்கமான முகத்தைப் பார்த்ததும் `இவரைத் தெரியுமே' என்று தோன்றி, பெயர் மட்டும் வராமல் நிற்போமே, அந்த மாதிரித் தெரிதல்தான் இது. தேர்வில் கேட்பது பெயரை.

2006-ல் அமெரிக்காவைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு குழு, ஒரு பாடப்பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே ஒரு முறை படித்துவிட்டு, மற்ற மூன்று முறையும் பக்கத்தைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதியது.

ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது நான்கு முறை படித்தவர்கள்தான் முந்தினார்கள். அவர்கள் 83 சதவிகிதம், எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவிகிதம். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் கணக்கு தலைகீழானது. நான்கு முறை படித்தவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவிகிதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவிகிதம்.

தேர்வுக்கு முந்தைய இரவு படித்தால் காலையில் ஓரளவு ஒப்பேற்றிவிட முடிவதும், அதே பாடம் அடுத்த செமஸ்டரில் சுத்தமாக மறந்துபோவதும் ஏன் என்று இப்போது புரிகிறதா?

2013-ல் டன்லாஸ்கி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் மாணவர்கள் கையாளும் பத்துப் படிப்பு முறைகளை அலசினார்கள். கோடு போடுவதும், திரும்பத் திரும்ப வாசிப்பதும் குறைந்த பலன் தருபவை என்ற பட்டியலில் வந்தன. தன்னைத் தானே தேர்வு வைத்துக்கொள்வதும், படிப்பை நாள்களாகப் பிரித்துக்கொள்வதும் அதிகப் பலன் தருபவை என்ற பட்டியலில் வந்தன.

பள்ளியில் ஸ்லிப் டெஸ்ட்டும் திருப்புதல் தேர்வும் செய்தது இதே இரண்டு வேலைகளைத்தான்! தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் பாடத்தை ஒப்பித்ததும் இதே வகைதான். என்ன, அங்கே பொருள் தெரியாமலும் ஒப்பித்தார்கள். நாம் பொருளோடு செய்யப்போகிறோம்.

மார்ஜினுக்கு ஒரு வேலை

செய்முறை இதுதான். இதற்கு ஆப் வேண்டாம், காசு வேண்டாம். ஒரு நோட்டு போதும்.

நோட்டின் இடது பக்கம் கோடு போட்ட மார்ஜின் இருக்கும். கொஞ்சம் சின்னதாக இருந்தால் இன்னொரு கோடு போட்டு இரண்டு விரல் அகலத்துக்கு ஆக்கிக்கொள்ளுங்கள். வகுப்பில் குறிப்பெடுக்கும்போது அந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.

அன்று மாலையே, குறிப்பை ஒரு முறை வாசித்துவிட்டு, அதற்குள் பதில் இருக்கும்படியான மூன்று கேள்விகளை மார்ஜினில் எழுதுங்கள். `தேய்மானம் ஏன் கணக்கிடுகிறோம்?', `இந்தச் சமன்பாட்டில் மாறிலி எங்கிருந்து வந்தது?' என்பதுபோலச் சின்னக் கேள்விகள் போதும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்ற பேராசிரியர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த குறிப்பெடுக்கும் முறை ஏறக்குறைய இதுதான். உலகம் முழுக்க இன்றும் அது அந்தக் கல்லூரியின் பெயரால்தான் வழங்குகிறது.

மறுநாள் காலை பஸ்ஸில், ஒரு தாளால் குறிப்பை மறைத்துக்கொண்டு, மார்ஜின் கேள்விகளுக்கு மட்டும் மனதுக்குள் பதில் சொல்லிப் பாருங்கள். வராத கேள்வியின் பக்கத்தில் ஒரு புள்ளி. ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் புள்ளி வைத்த கேள்விகளை மட்டும் பாருங்கள். இன்டர்னலுக்கு முன்பு எல்லாவற்றையும் ஒரு சுற்று.

ஒரு பாடத்துக்கு ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். ஐந்து பாடம் என்றால் அரை மணிக்குள் முடிந்துவிடும். செமஸ்டர் முடியும்போது ஒவ்வொரு பாடத்துக்கும் நீங்களே தயாரித்த ஒரு கேள்வி வங்கி கையில் இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப் குரூப்பில் வரும் பி.டி.எஃப்-களையும், போர்டைப் பிடித்த போட்டோக்களையும் சேர்த்துவைப்பது படிப்பு ஆகாது. போன் கேலரியில் நூறு படம் இருக்கிறது என்ற நிம்மதி, ஒரு கேள்விக்கும் பதில் தராது. வந்த படத்திலிருந்து அன்றே மூன்று கேள்வி எழுதிவிட்டு அழித்துவிடுங்கள்.

வகுப்பு இங்கிலீஷில் ஓடினால்?

தமிழ் வழியில் படித்துவிட்டு வருபவர்களின் பெரிய பயம் இது. பாடம் புதிதாக இருப்பது ஒரு பக்கம், மொழியும் புதிதாக இருப்பது இன்னொரு பக்கம். முதல் மாதம் முழுக்கப் பேராசிரியர் என்ன சொன்னார் என்பதே பிடிபடாமல் போய், `நமக்கு ஒண்ணும் வராது' என்று கடைசி பெஞ்சுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். கணக்கும் வேதியியலும் நன்றாகத் தெரிந்த பிள்ளை, மொழியால் மௌனமாகிவிடுகிறது.

இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு பாடநூல்களில் தமிழ் வழிப் புத்தகத்திலும் ஆங்கில வழிப் புத்தகத்திலும் இருப்பது ஒரே பாடம்தான். பிளஸ் ஒன், பிளஸ் டூவில் நீங்கள் தமிழில் படித்த அதே பாடத்தின் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்பதால் மொழியை மட்டும் பழகினால் போதும். இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தினமும் ஒரு பக்கம். ஒரு மாதத்தில் வகுப்பில் காதில் விழும் சொற்களில் பாதி தெரிந்த சொற்களாகிவிடும்.

கூடவே நோட்டின் கடைசிப் பக்கங்களில் இரண்டு பத்தி போட்டு, ஒரு வகுப்புக்கு ஐந்து சொல் எழுதுங்கள். இடப்பக்கம் ஆங்கிலக் கலைச்சொல், வலப்பக்கம் தமிழ். தமிழ்ச் சொல் தெரியாவிட்டால் அரசின் `சொற்குவை' இணையதளத்தில் தேடலாம்.

தமிழை விட்டுவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அண்ணா பல்கலைக்கழகத்திலேயே 2010-ல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளைத் தமிழ் வழியில் தொடங்கினார்கள். உங்கள் பாடத்தில் தமிழில் தேர்வு எழுத அனுமதி உண்டா என்று துறைத் தலைவரிடம் முதல் மாதமே கேட்டுவிடுங்கள். தமிழில் புரிந்துகொள்ளுங்கள், இங்கிலீஷில் சொல்லப் பழகுங்கள். புரியாமல் இங்கிலீஷில் மனப்பாடம் செய்வதுதான் ஆபத்து.

பக்கத்து சீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொடுங்கள்

1790-களில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற ராணுவச் சிறுவர்களுக்கான பள்ளியை நடத்தினார் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். இங்கே உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து, அதைத் தன் பள்ளியில் கொண்டுவந்தார். படித்த மாணவன் மற்ற மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து நடத்திப்பார்த்து, 1797-ல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். `மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

நம் ஊரில் பழகிய அந்த வழி நமக்கு ஏன் வேண்டாம்? தினமும் ஒரே பஸ்ஸில் வரும் ஒருவரை, அல்லது ஹாஸ்டலில் பக்கத்து அறையில் இருப்பவரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். மார்ஜின் கேள்விகளை மாற்றி மாற்றிக் கேளுங்கள். அடுத்தவருக்குச் சொல்லும்போதுதான் எங்கே நமக்கே புரியவில்லை என்பது வெளியே வரும். வகுப்பில் கைதூக்கத் தயங்குபவர்களும் நண்பரிடம் தயங்க மாட்டார்கள்.

ஒருவேளை வீட்டில் படிக்க இடமே இல்லையா? ஒரே அறையில் டி.வி., தம்பி, தங்கை, விருந்தாளி என்று இருக்கும் வீடுகள் ஏராளம். கல்லூரி நூலகத்தில் வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் பஸ் ஏறலாம். மதுரை புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேல் பரப்பு. நாற்காலி, மேஜை, ஃபேன், அமைதி. இவை எல்லா வீட்டிலும் கிடைக்காது. அங்கே கிடைக்கிறது.

பழக்கம் ஆக எத்தனை நாள்?

`21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும்' என்று ரீல்ஸில் சொல்வார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் குழுவினரும் 96 பேரைக் கவனித்து ஆராய்ந்தார்கள். ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற சராசரியாக 66 நாள் ஆனது. ஆனால், ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது.

அந்த ஆய்வில் ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. அதனால், திருவிழாவுக்குப் போய் மூன்று நாள் விட்டுவிட்டால், `எல்லாம் போச்சு' என்று நோட்டை மூடி வைக்க வேண்டாம். நான்காம் நாள் மறுபடி ஆரம்பியுங்கள்.

66 நாள் என்பது ஒரு செமஸ்டரின் வேலை நாள்களைவிடக் குறைவு. இப்போது தொடங்கினால், செமஸ்டர் தேர்வு வருவதற்குள் பழகிவிட வாய்ப்பு அதிகம். பழக்கத்தை ஏற்கெனவே தினமும் செய்யும் ஒன்றோடு கட்டிவிடுவது சுலபம். பஸ்ஸில் உட்கார்ந்ததும் கேள்விகள். மாலையில் டீ குடித்ததும் மார்ஜின். `நேரம் கிடைக்கும்போது' என்று வைத்தால் நேரம் கிடைக்காது.

அப்பா, அம்மாவுக்கு ஒரு வேலை

`நான் படிக்காதவள். அவ காலேஜ் பாடத்துல நான் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்?' என்று கேட்கும் அம்மாக்கள் நிறைய. நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கேட்டாலே போதும்.

மாலையில் பிள்ளை வந்ததும் `மார்க் வந்துச்சா?' என்று கேட்பதற்குப் பதில், ``இன்னிக்கு என்ன நடத்துனாங்க? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு'' என்று கேளுங்கள். மல்லிகைப்பூ கட்டிக்கொண்டே கேட்கலாம், அடுப்படியில் நின்றுகொண்டே கேட்கலாம். பொருளாதாரமோ விலங்கியலோ, பாடம் தெரியாத ஒருவருக்கு வீட்டுத் தமிழில் சொல்லிப் புரியவைத்துவிட்டால் அந்தப் பாடம் பிள்ளைக்கு வந்துவிட்டது. சொல்லும்போது திக்கினால், அதைத்தான் படிக்க வேண்டும் என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். பள்ளியில் டீச்சர் செய்த வேலையை இப்போது வீட்டில் நீங்கள் செய்கிறீர்கள். அதற்குப் பட்டம் தேவையில்லை.

இன்னொன்று. அரியர் விழுந்துவிட்டால் வானம் இடிந்துவிடாது. விட்ட தாளை மறுபடி எழுத வாய்ப்பு உண்டு. எப்போது, எவ்வளவு கட்டணம், கடைசித் தேதி என்ன என்று அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொன்னால் வீட்டில் திட்டுவார்களோ என்ற பயத்தில் மறைக்கும் பிள்ளைதான் இரண்டாவது அரியரும் வைக்கிறது. சொன்னவுடன் கோபம் வருவது இயல்பு. ஆனால், முதல் வார்த்தை `அடுத்து எப்ப எழுதலாம்?' என்று இருக்கட்டும்.

பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல் ஒதுங்கினால், அதைச் சோம்பல் என்று விட்டுவிடாதீர்கள். 14416 என்ற டெலி மனாஸ் எண்ணிலோ, 104 என்ற எண்ணிலோ மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

* கல்லூரி காலண்டரைப் படித்து மதிப்பெண் பிரிப்பு, வருகைப்பதிவு விதி, இன்டர்னல் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

* எத்தனை நாள் விடுப்பு எடுக்க முடியும் என்று கணக்குப் போட்டு, கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள்.

* எல்லா நோட்டிலும் மார்ஜினை அகலப்படுத்துங்கள்.

* கேள்வி கேட்டுக்கொள்ள ஒரு கூட்டாளியைப் பிடியுங்கள்.

* தமிழ் வழியில் படித்தவர்கள் பிளஸ் டூ ஆங்கிலப் புத்தகத்தை போனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

* உங்கள் மென்ட்டர் யார் என்று தெரிந்துகொண்டு ஒரு முறை நேரில் பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாவிட்டால் ஒன்றை மட்டும் செய்யுங்கள். இன்று நடத்திய ஏதாவது ஒரு பாடத்தை எடுத்து, மார்ஜினில் மூன்று கேள்வி எழுதிவையுங்கள். நாளைக் காலை பஸ்ஸில் குறிப்பை மறைத்துக்கொண்டு பதில் சொல்லிப் பாருங்கள். மூன்றில் ஒன்றுக்குத்தான் பதில் வந்தாலும் பரவாயில்லை. எந்த இரண்டு வரவில்லை என்பது செமஸ்டர் தேர்வுக்கு நான்கு மாதம் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிட்டதே!